வாசலில் கம்பி, வீடு வேறூரில்

சென்னைக் கரையிலிருந்து புறப்பட்ட தந்திக் கம்பி ஒன்று 1870-71இல் வங்கக் கடலின் அடித்தரையில் கிடத்தப்பட்டு, பினாங்கில் கரையேறியது. அங்கிருந்து மற்றொரு கம்பி சிங்கப்பூருக்குச் சென்றது. பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் டெலிகிராப் கம்பெனி என்ற நிறுவனம் போட்ட கம்பி அது. அதுவரை அரிசி விலையும் வட்டி நிலவரமும் ஊர்ச் சாவுச் செய்தியும் கப்பலோடுதான் வந்து சேர்ந்தன. கம்பி வந்ததும் பினாங்கின் ஜார்ஜ் டவுன் வணிகர்களுக்குச் சென்னைச் சந்தை ஒருநாள் தூரத்துக்குள் வந்துவிட்டது.

கம்பி இறங்கும் ஊருக்கு மதிப்பும் உண்டு, ஆபத்தும் உண்டு. 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையின் எண்ணெய்க் கிடங்குகள்மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன், அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பலான செம்சுக்கை மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று அது ஆட்களை இறக்கிய இடம் கோகோஸ் தீவின் தந்தி நிலையம். கம்பிகளையும் கருவிகளையும் உடைப்பதற்காகவே இறக்கியது. அந்தத் தாமதத்தில்தான் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் வந்து எம்டனை முடித்தது.

பினாங்கில் கம்பி இறங்குவது அந்த முதல் கம்பியோடு நிற்கவில்லை. 1990களின் இறுதியில் பிளாக், சீ-மீ-வீ 3 என்ற இரண்டு ஒளியிழை வடங்கள் இந்தத் தீவைத் தொட்டன. 2002இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரீஷியஸ், கொச்சி வழியாக வந்த சேஃப் வடம் இங்கேதான் முடிந்தது. பிறகு ஓமானிலிருந்து மும்பை, சென்னை வழியாக வந்த பே ஆஃப் பெங்கால் கேட்வே, ஏறக்குறைய நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சென்னைக்கும் பினாங்குக்கும் பழைய தடத்திலேயே புதுக் கம்பி போட்டது. உலகின் பெரிய கம்பிகள் வாசலில் வந்து இறங்கும் ஊர் இது. ஆனால் இந்த ஊர்க்காரர்களின் இணையத்தளங்கள் வெகுகாலம் குடியிருந்தது பசிபிக்குக்கு அப்பால், அமெரிக்காவில்.

மலேசியாவில் இணையத்துக்கு அடித்தளம் போட்டது 1985இல் உருவான மிமோஸ் நிறுவனம். பல்கலைக்கழகங்களைத் தொலைபேசிக் கம்பி வழியே இணைத்த ராங்கொம் என்ற வலையில் பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் இருந்தது. அதிலிருந்து 1990களின் தொடக்கத்தில் ஜாரிங் என்ற இணையச் சேவை பிறந்தது. 1996இல் டி.எம்.நெட் என்ற இன்னொரு சேவையும் வந்தது. 1515 என்ற எண்ணைச் சுழற்றி, மோடம் கத்தி முடித்து, இணைப்புக் கிடைத்து, அதைத் துண்டிக்கும்வரை வீட்டுத் தொலைபேசியில் வேறு யாரும் பேச முடியாது. பக்கம் ஒன்றை எழுதி முடித்தவருக்கு அதை எங்கே வைப்பது என்ற கேள்வி அப்போதுதான் முதன்முதலில் எழுந்தது. இணைப்புத் தரும் நிறுவனங்கள் கொடுத்த இடம் சொற்பம். சொந்தமாகச் சர்வர் வைப்பது பெரிய நிறுவனங்களால் மட்டுமே ஆகும். மிஞ்சியது ஜியோசிட்டீஸ்.

அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் சில மெகாபைட் இடத்தை இலவசமாகக் கொடுத்தது. அதற்குள் ‘ஏதென்ஸ்’, ‘டோக்கியோ’ என்று வட்டாரப் பெயர்களும் வீட்டு எண்களும் இருந்தன. இலக்கியமும் கல்வியும் பேசும் பக்கங்களுக்கு ஏதென்ஸ். மதுரைத் திட்டம் என்ற மின்னூல் முயற்சியை 1998 பொங்கலன்று தொடங்கிய கு. கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்தபடி நடத்திய தமிழ் மின்நூலகப் பக்கங்கள் ஏதென்ஸின் 5180ஆம் எண்ணில்தான் இருந்தன. பினாங்கிலிருந்து அதைத் தேடிப் போனவர்கள் வங்கக் கடலைத் தாண்டவில்லை. பசிபிக்கைத் தாண்டி, கலிபோர்னியாவில் நின்ற ஒரு கணினியைத் தட்டினார்கள்.

அந்தக் காலத்துத் தமிழ்ப் பக்கத்துக்கு, ஆங்கிலப் பக்கத்துக்கு இல்லாத ஒரு சிக்கல் இருந்தது. படிப்பவரின் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்காது. ஆகவே எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் ‘இயங்கு எழுத்துரு’ முறை வந்தது. மைக்ரோசாப்டின் முறையில், எழுத்துருக் கோப்பை உருவாக்கும்போதே அது எந்த இணைய முகவரியில் வேலை செய்யலாம் என்று அதற்குள் எழுதிவிட வேண்டும். இலவச இடம் போதாமல் தளத்தை வேறு முகவரிக்கு மாற்றினால், பக்கம் புதிய இடத்துக்கு வந்துவிடும், எழுத்துரு மட்டும் வேலை செய்ய மறுக்கும். வாசகருக்குத் தெரிவது புரியாத லத்தீன் குறிகளின் குவியல். முகவரியைத் திருத்தி எழுத்துருவை மறுபடி உருவாக்கி ஏற்ற வேண்டும். தமிழ்த் தளம் நடத்தியவர்களுக்கு வீடு மாறுவது ஏன் அவ்வளவு தயக்கமாக இருந்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

வாடகைக்கு இடம் கொடுக்கும் தொழில் பெருகியதற்குப் பின்னால் ஒரு சிறிய தொழில்நுட்ப மாற்றம் இருக்கிறது. தொடக்கத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி இணைய எண் தேவைப்பட்டது. 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறை, ‘எந்தப் பெயருள்ள தளம் வேண்டும்’ என்று உலாவி தானே சொல்ல வேண்டும் என வகுத்தது. ஒரே எண், ஒரே கணினி, அதில் நூற்றுக்கணக்கான தளங்கள் என்பது அதன்பின் சாதாரணமாயிற்று. ஷேர்டு ஹோஸ்டிங் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது இதுதான்.

பினாங்குத் தமிழருக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பினாங்கு வீதியில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம். அதில் வரிசையாகத் தரையோடு சேர்ந்த சாய்வு மேசைகள், பக்கத்தில் கணக்கேடும் பணமும் வைக்கும் மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு தனிக் கடை, அதற்கென்று ஒரு விலாசம், ஒரு மேலாள், ஒரு அடுத்தாள், ஒரு பெட்டியடிப் பையன். கூடமும் சமையலும் வாசலும் எல்லோருக்கும் பொது. புதிதாகக் கப்பலேறி வந்தவர் குறைந்த செலவில் தொழில் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஒரு பெட்டியின் முன்னால் கடன் கேட்டு வருவோர் கூட்டம் நெரிந்தால், அடுத்த பெட்டிக்காரருக்கும் வழி அடைபடும். பொது ஹோஸ்டிங்கின் அருமையும் தொல்லையும் அந்தக் கூடத்தில் அப்படியே இருந்தன.

2001இல் இந்தத் தொழிலைப் பினாங்கிலேயே தொடங்கியவர் சான் கீ சியாக். பாயான் பாருவில் தலைமையகம் கொண்ட எக்ஸாபைட்ஸ் நிறுவனம் பிறகு மலேசியாவின் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. அது தொடங்கிய அதே ஆண்டில்தான் டெலிகாம் மலேசியாவின் ஸ்ட்ரீமிக்ஸ் அகலப்பட்டை இணைப்பு வந்தது. பாயான் பாருவிலிருந்து சற்றுத் தெற்கே போனால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. 1972இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்த இடம் அது. 1990களின் நடுவில் டெல் நிறுவனமும் பினாங்கில் ஆலை அமைத்து, ஆசிய பசிபிக் நாடுகளுக்கான கணினிகளையும் சர்வர்களையும் பொருத்தி அனுப்பியது. சர்வரின் மூளையைச் சோதித்துப் பொதிந்து அனுப்பும் ஊர், தன் தளங்களுக்கு மட்டும் கடல்கடந்த சர்வரில் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தது என்பதை இந்த வரலாற்றில் கவனிக்காமல் போக முடியாது.

காரணம் விலை. அமெரிக்காவில் இணைய அலைவரிசை மலிவு, மலேசியாவில் விலை அதிகம். அதனால் மலேசிய நிறுவனங்களே அமெரிக்கச் சர்வர்களை வாடகைக்கு எடுத்து உள்ளூரில் ரிங்கிட்டுக்கு விற்றன. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கும்: சர்வர் மலேசியாவில் வேண்டுமா, சிங்கப்பூரிலா, அமெரிக்காவிலா? பலர் விலையை மட்டும் பார்த்து அமெரிக்காவைத் தேர்ந்தார்கள். வாசகர் எங்கே இருக்கிறார் என்று பார்த்திருந்தால் பலருடைய முடிவு மாறியிருக்கும்.

கணக்கு எளிது. ஒளியிழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். பினாங்கிலிருந்து அமெரிக்க மேற்குக் கரை சுமார் 14,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப 0.14 நொடி, இயற்கை விதிக்கும் குறைந்தபட்சக் கட்டணம் அது. கம்பி நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் எத்தனையோ சாவடிகள். ஆகவே நடைமுறையில் 0.2 நொடிக்கும் மேல். ஒரு முறைக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு பக்கம் திறக்க உலாவி பல முறை போய் வர வேண்டும். படம், எழுத்துரு, நிரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை. முப்பது நடை சேர்ந்தால் வாசகர் பொறுமை இழந்துவிடுவார். சிங்கப்பூர் பினாங்கிலிருந்து 600 கிலோமீட்டர்தான். அதே நடை நூறில் ஒரு பங்கு நொடியில் முடியக்கூடியது.

2006 டிசம்பர் 26 அன்று தைவானின் தென்முனைக்கு அருகே நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலடி வடங்கள் பல ஒரே நேரத்தில் அறுந்தன. மலேசியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியில் அமெரிக்கத் தளங்கள் நாள்கணக்கில் தவழ்ந்தன. ஜார்ஜ் டவுனில் இருக்கும் கடையின் தளத்தை ஜார்ஜ் டவுனிலேயே இருப்பவர் திறக்க முடியவில்லை, ஏனென்றால் கடையின் பக்கம் கடல்கடந்து கிடந்தது. உள்ளூர் இணைப்பு நிறுவனங்கள் தங்களுக்குள் போக்குவரத்தைப் பரிமாறிக்கொள்ள மலேசிய இணையப் பரிமாற்றகம் உருவானதும் 2006ஆம் ஆண்டின் இறுதியில்தான். இரண்டு மலேசியர்களுக்கு இடையிலான செய்தி வெளிநாடு சுற்றி வராமல் இருக்க அது வழி செய்தது.

வாசகர் கூட்டம் எப்போதும் மெல்ல மெல்ல வருவதில்லை என்பதற்குப் பினாங்குக்காரர்கள் மறக்காத ஓர் இரவு உண்டு. 2008 மார்ச் 8, பொதுத்தேர்தல். ஆளும் கூட்டணி பினாங்கு மாநிலத்தை இழந்தது. முடிவு தெரிய நாடே 1999இல் தொடங்கிய மலேசியாகினி செய்தித் தளத்துக்குள் புகுந்தது, தளம் கூட்டம் தாங்காமல் திணறியது. ஒரு சாதாரண நாளின் வாசகர் எண்ணிக்கையைப் பார்த்து இடம் பிடித்தவர் யாராக இருந்தாலும் அந்த இரவில் மாட்டிக்கொள்வார்.

கோயில் தளத்துக்கும் இதே கதை. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும். 2017 முதல் குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் போகிறது. ரதம் எந்தத் தெருவில் எப்போது வரும் என்று போடும் ஒரு தளத்துக்கு ஆண்டு முழுக்க வருவோர் கொஞ்சம், தைப்பூசத்தின் மூன்று நாளில் வருவோர் அதைப் பலமடங்கு மிஞ்சுவர். இப்படிப்பட்ட தளத்துக்கு ஆண்டு முழுவதும் பெரிய சர்வர் வாடகை கொடுப்பது வீண். படங்களையும் மாறாத பக்கங்களையும் பல ஊர்களில் நகல் வைத்துப் பரிமாறும் சி.டி.என். சேவையைச் சேர்த்துக்கொண்டால், சிறிய சர்வரே அந்த மூன்று நாளைத் தாங்கிவிடும். ஒவ்வொரு வாசகருக்கும் பக்கத்தை முதலிலிருந்து சமைக்காமல், ஒருமுறை செய்ததை எடுத்து வைத்துக்கொடுக்கும் ‘கேஷ்’ ஏற்பாடும் இதற்கு உதவும். பெரிய சர்வருக்குத் தாவுவதற்கு முன் இவ்விரண்டையும் செய்து பார்ப்பதே சிக்கனம்.

தமிழ்த் தளம் இடம் தேடும்போது கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு: தரவுத்தளம் யூனிகோட் தமிழைச் சரியாக வைத்துக்கொள்ளுமா? அதை ஹோஸ்டிங் விளம்பரங்கள் சொல்வதில்லை. ‘அம்மா’ என்ற சொல் பழைய தஸ்கி குறியாக்க முறையில் நான்கு பைட். யூனிகோடின் யூ.டி.எஃப்.-8 முறையில் ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக பதினைந்து. எழுத்துக்கு இடம் பெரிய செலவாகாது, சிக்கல் தரவுத்தளத்தில். வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் நம்பியிருக்கும் மைஎஸ்க்யூஎல், 2018இல் வந்த 8.0 பதிப்புவரை லத்தீன் எழுத்து முறையையே இயல்பாக எடுத்துக்கொண்டது. அதைக் கவனிக்காமல் அமைத்த சர்வரில் 255 எழுத்து கொள்ளும் தலைப்புக் கட்டத்தில் தமிழ்க் குறியீடு 85தான் கொள்ளும். நீண்ட தலைப்பு நடுவிலேயே, சில நேரம் ஒரு எழுத்தின் வயிற்றிலேயே, அறுந்துபோகும். பழைய சர்வரில் எப்படியோ சரியாகத் தெரிந்த தமிழ், புது சர்வருக்கு மாற்றிய மறுநாள் முழுவதும் குறிகளாகிவிடுவதும் இதனால்தான். பத்தாண்டு எழுத்து ஒரே இரவில் படிக்க முடியாததாகிவிட்ட தளங்கள் தமிழில் கொஞ்சநஞ்சமல்ல. குடியேறும் முன்னே, சில பக்கங்களை மட்டும் புது இடத்துக்குக் கொண்டுபோய் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

பினாங்கு மண்ணிலிருந்து போய் ஜெர்மனியில் வாழும் க. சுபாஷிணி, நா. கண்ணனோடு சேர்ந்து 2001இல் தொடங்கிய தமிழ் மரபு அறக்கட்டளையின் பணியை நினைத்தால் வளரும் தளம் என்பதன் பொருள் விளங்கும். தொடக்கத்தில் எழுத்துப் பக்கங்கள். பிறகு பழைய நூல்களின் பட நகல்கள். பிறகு ஒலிப்பதிவுகள், விழியங்கள். ஒரு நூலின் எழுத்து வடிவம் சில நூறு கிலோபைட்டில் அடங்கிவிடும். அதே நூலைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தால் பல மெகாபைட். பேச்சைப் பதிந்தால் இன்னும் மேலே. இப்படி வளரும் தளத்துக்கு ‘அளவில்லா இடம்’ என்று விற்கும் மலிவுத் திட்டம் ஏமாற்றம்தான் தரும். அந்த ‘அளவில்லா’ என்ற சொல்லுக்குக் கீழே சிறிய எழுத்தில், கோப்புகளின் எண்ணிக்கைக்கும் செயலியின் நேரத்துக்கும் வரம்பு போட்டிருப்பார்கள். படிக்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தைத்தான்.

2009 அக்டோபர் 26 அன்று யாஹூ தன் கைக்கு வந்த ஜியோசிட்டீஸை மூடியது. தம் பக்கங்களைப் பெயர்த்து எடுத்தவர்கள் தப்பினார்கள். கடவுச்சொல்லை மறந்தவர்கள், காலமானவர்கள், பத்தாண்டுக்கு முன் எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் ஆகியோரின் பக்கங்கள் போயின. ஆர்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழுவும் இன்டர்நெட் ஆர்கைவும் எடுத்து வைத்த நகல்களில் ஒரு பகுதி இன்றும் கிடைக்கிறது. அவர்கள் மட்டும் இல்லையென்றால் ஜியோசிட்டீஸில் இருந்த தமிழ் எழுத்தில் பெரும்பகுதிக்கு இன்று சாட்சியே இருக்காது.

அந்த இழப்பில் ஹோஸ்டிங் தேர்வுக்கான முக்கியமான பாடம் இருக்கிறது, ஆனால் விலைப்பட்டியலில் அது இருக்காது. ஜியோசிட்டீஸில் எழுதியவர்களின் முகவரி அவர்களுடையதாக இல்லை. சொந்தப் பெயரில் ஒரு டொமைன் வைத்திருப்பவர் சர்வரை எத்தனை முறை மாற்றினாலும் வாசகர் பழைய பெயரிலேயே வந்து சேர்வார். மலேசியாவின் புள்ளி-மை பெயர்களை மைனிக் நிர்வகிக்கிறது. காம்-புள்ளி-மை வேண்டுமென்றால் பதிவுபெற்ற வணிகம் இருக்க வேண்டும். சங்கங்களும் சிறு கடைகளும் இதில் அடிக்கடி தவறுவது ஓரிடத்தில்: தளம் வடிவமைத்துக் கொடுத்தவரே டொமைனைத் தன் பெயரில் பதிந்துவிடுகிறார். நிர்வாகக்குழு மாறுகிறது, வடிவமைப்பாளர் தொழிலை விடுகிறார், ஆண்டுக் கட்டண அறிவிப்பு யாரும் பார்க்காத மின்னஞ்சலுக்குப் போகிறது, பெயர் வேறு கைக்குப் போய்விடுகிறது. டொமைன் சங்கத்தின் பெயரிலும், அறிவிப்பு குறைந்தது இருவர் பார்க்கும் முகவரிக்கும் இருக்க வேண்டும்.

இப்போது தேர்வுகள் அதிகம். அமேசான் 2010இல் சிங்கப்பூரிலும், 2024 ஆகஸ்டில் மலேசியாவிலும் தன் தரவுமையப் பகுதிகளைத் திறந்தது. ஓர் இயந்திரத்தைப் பல துண்டாக்கி ஒவ்வொன்றையும் தனிச் சர்வராகத் தரும் வி.பி.எஸ். முறை மலிந்துவிட்டது. பொதுக் கூடத்தில் இடம் போதாதவர் அடுத்துப் போக வேண்டிய இடம் அதுதான், ஆனால் அங்கே பூட்டும் சாவியும் துடைப்பமும் குடியிருப்பவர் பொறுப்பு. பாதுகாப்புத் திருத்தங்களைப் போட ஆள் இல்லாத சங்கம் அதை எடுத்தால் தளம் எளிதில் களவாடப்படலாம். அப்படிப்பட்டவர்கள் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து, பராமரிப்பையும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும் திட்டத்தை எடுப்பதுதான் சரி. உறுப்பினர்களின் பெயரும் அடையாள எண்ணும் தளத்தில் சேர்ந்தால் இன்னொரு கணக்கும் சேரும்: 2013 நவம்பரில் மலேசியாவில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அத்தகைய விவரங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப நிபந்தனை போடுகிறது.

பினாங்கில் வாசகர் மிகுதியாக இருக்கும் தளத்துக்கு மலேசியாவோ சிங்கப்பூரோ போதும். பாதி வாசகர் தமிழ்நாட்டிலும் மீதி ஐரோப்பாவிலும் இருந்தால், சர்வரைச் சிங்கப்பூரிலோ மும்பையிலோ வைத்து மேலே சி.டி.என். போட்டுக்கொள்ளலாம். முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்க்காமல் இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பு விலையைக் கேட்க வேண்டும். நகல் எடுப்பதாக ஹோஸ்டிங் நிறுவனம் சொன்னாலும், அந்த நகல் அதே கட்டடத்தில் இருக்கலாம். மாதம் ஒருமுறை தரவுத்தளத்தையும் கோப்புகளையும் இறக்கி வேறிடத்தில் வைத்து, அவற்றிலிருந்து தளத்தை மறுபடி எழுப்ப முடிகிறதா என்று ஆண்டுக்கொருமுறை செய்து பார்க்க வேண்டும்.